பொண்ணைக் கூட்டிட்டுப் போன ரெண்டு மனநல கிளினிக், ஆராய்ச்சிப் பேப்பர்ல போட்ட கையெழுத்து – என் ரிவியூ (மதுரை)

ரிவியூன்னா டாக்டர் எப்படி, ஃபீஸ் எம்புட்டு, எவ்வளவு நேரம் உக்கார வைக்கிறாங்கன்னு எழுதுவாங்க. அதெல்லாம் கீழ சொல்றேன். ஆனா நான் முக்கியமா எழுத வந்தது ஆராய்ச்சிக்குன்னு கையெழுத்து வாங்குறாங்கள்ல அதைப் பத்தி, ஏன்னா பிள்ளையைக் கூட்டிட்டு மொத தடவை போறப்ப அதைப் பத்தி நமக்கு யாரும் சொல்றதில்ல, எனக்கும் சொல்லலை. ரெண்டு இடத்தோட பேரும் போடல. பேரு போட்டா என் பொண்ணு யாருன்னு ஸ்கூல்ல கண்டுபிடிச்சிருவாங்க, அவ கேட்டுக்கிட்டது அது ஒண்ணுதான்.

நான் திருமங்கலம் பக்கம். பத்திரம் எழுதுறவர்ட்ட 11 வருஷமா டைப்பிங் வேலை. கிரயம், செட்டில்மெண்ட், பவர், ரத்துன்னு தினமும் பேப்பர்தான். ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நான் போட்டேன், அதுதான் இன்னும் உறுத்துது.

பொண்ணுக்கு 12 வயசு முடிஞ்சு 7 மாசம், ஏழாவது படிக்கிறா. போன ஆடில இருந்து கை கழுவுறது ஜாஸ்தியாச்சு. சுத்தமா இருக்கான்னு சந்தோஷப்பட்டேன் மொதல்ல. அப்புறம் பாத்தா குழாயை எட்டு தடவை திறந்து மூடணும், நடுவுல நான் கூப்பிட்டுட்டா திரும்ப ஒண்ணுல இருந்து. ஒரு சோப்பு நாலு நாள் வரல. ஒரு நாள் சாம்பார் சாதம் வெச்சப்ப பிசையாம ஸ்பூன் கேட்டா, ஏன்டின்னு கையைப் புடிச்சுப் பாத்தா விரல் இடுக்கெல்லாம் பாளம் பாளமா வெடிச்சு ரத்தம் கசிஞ்சு இருக்கு, புளி பட்டு எரியுதும்மான்னா. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை. மாமியார் சொன்னாங்கன்னு பாண்டி கோயிலுக்குப் போயி கயிறும் கட்டிட்டு வந்தோம், அதையும் மறைக்கலை. ஸ்கூல் மிஸ் ஒருத்தங்கதான் தனியா கூப்பிட்டு இது ஓசிடியா இருக்கலாம்க்கா, வேணாம்னாலும் ஒரு பயம் திரும்பத் திரும்ப வந்து ஒரே காரியத்தையே செய்ய வைக்கிற வியாதி, குழந்தைங்க மனநல டாக்டர்ட்ட காட்டுங்கன்னாங்க. அவங்க நல்லா இருக்கணும்.

மொத இடம் டவுனுக்குள்ள, பெரிய இடம். காலைல பத்தரைக்கு டோக்கன் போட்டு ஒன்னே முக்காலுக்குத்தான் உள்ள விட்டாங்க, அது பரவால்ல, கூட்டம் அப்படி. கவுண்டர்ல கேஸ் ஷீட்டோட சேத்து ஆறு பக்கம் பின் அடிச்சுக் குடுத்தாங்க, எல்லாம் இங்கிலீஷ். "மூணு எடத்துல பென்சில்ல டிக் அடிச்சிருக்கேன், அங்க போடுங்கக்கா." என்னதும்மா இதுன்னேன். "ரிசர்ச்சுக்குக்கா, எல்லாரும் போடுறதுதான்."

பழக்க தோஷம், நான் படிச்சேன். நாலாம் பக்கத்துல பிள்ளையோட எச்சில் சாம்பிள் எடுப்பாங்க, அதை வெச்சிருந்து "எதிர்கால ஆராய்ச்சிகளுக்கும்" பயன்படுத்திக்கலாம்னு இருக்கு. என்ன ஆராய்ச்சி, எம்புட்டு வருஷம், யாருக்குக் குடுப்பாங்க, ஒண்ணும் இல்ல. எங்க ஆபீஸ்ல பொது அதிகாரப் பத்திரம் போட வர்றவங்கட்ட ஓனர் ரெண்டு தடவை கேப்பாரு, எதுக்குக் குடுக்கிறீங்க, எதுவரைக்கும் குடுக்கிறீங்கன்னு. இங்க கேக்க ஆளில்ல. கடைசிப் பக்கத்துல பிள்ளை கையெழுத்து போட ஒரு கட்டம் இருந்துச்சு. இவ என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா, எழுதப் படிக்கத் தெரிஞ்ச பிள்ளை. "பாப்பா பேரை நீங்களே எழுதிருங்கக்கா, டைம் ஆகுது"ன்னாங்க.

அதுக்குள்ள பக்கத்துல ஒரு அப்பத்தா, உசிலம்பட்டிப் பக்கம்னு சொன்னாங்க, பேரனைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. அவனோட அப்பா அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை. அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது, பெருவிரலை மையில அமுக்கி ரேகை வெச்சாச்சு. சாட்சிக்கு ஆள் வேணும்னு கவுண்டர்ல இருந்த பொண்ணு என்னைப் பாத்து "அக்கா நீங்க ஒரு கையெழுத்து போட்டு விடுங்க"ன்னுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பத்திரத்துல "படிக்கக் கேட்டு, சம்மதித்து"ன்னு ஒரு வரி வரும், அந்த வரிக்குத்தான் சாட்சி. இங்க படிக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல. நான் முடியாதுன்னுட்டேன். அந்த அப்பத்தா என் கையைப் புடிச்சுக்கிட்டு "போட்டு விடு தாயி, இல்லாட்டி பயலைப் பாக்க மாட்டாக"ன்னாங்க. அப்பவும் நான் போடல, வேற யாரோ போட்டாங்க.

ஆனா என் பேப்பர்ல நான் போட்டேன். பொண்ணு பேரையும் நானே எழுதினேன். ஏன்னு அப்புறம் ரொம்ப நாள் யோசிச்சேன். அப்பத்தா வாய்விட்டுச் சொன்னதை நான் மனசுக்குள்ள நெனச்சேன், அவ்வளவுதான். மாட்டேன்னா நம்ம டோக்கனைக் கடைசில தள்ளிருவாங்களோ, டாக்டர் ஒரு மாதிரி பாப்பாரோன்னு பயம். பிள்ளை கை ரத்தம் கசியுறப்ப எந்தத் தாய்க்குப் பேப்பர் புரியும்.

அப்புறம் ரெண்டு வாரம் இதைப் பத்தித்தான் படிச்சேன், எங்க ஓனர் பையன் சட்டம் படிக்கிறான், அவன் எடுத்துக் குடுத்தான். இந்தப் பயம் புதுசில்ல. அமெரிக்கால நியூயார்க் பக்கம் வில்லோபுரூக்னு மனவளர்ச்சி குறைஞ்ச பிள்ளைங்களுக்கான விடுதி, 1956ல இருந்து வருஷக்கணக்கா அங்க பிள்ளைங்களுக்கு வேணும்னே மஞ்சள் காமாலைக் கிருமியைக் குடுத்து ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. பெத்தவங்க கையெழுத்து இருந்துச்சு. ஆனா விடுதில இடம் இல்லன்னு கதவை மூடிட்டு, ஆராய்ச்சிப் பிரிவுல மட்டும் இடம் இருக்குன்னா பெத்தவங்க என்ன பண்ணுவாங்க? போட்டுத்தான் குடுப்பாங்க. நம்ம நாட்டுலயும் 2009ல ஆந்திராவுல கம்மம் மாவட்டத்துல பொண்ணுங்களுக்கு ஹெச்பிவி தடுப்பூசி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராம இருக்கப் போடுறது) ஆய்வு நடந்தப்ப பெத்தவங்களுக்குப் பதிலா ஹாஸ்டல் வார்டன்கள் கையெழுத்து போட்டிருந்தாங்க, 2010ல அதை நிறுத்தி வெச்சாங்க, அப்புறம் பார்லிமெண்ட் கமிட்டியே அதைக் கண்டிச்சு ரிப்போர்ட் குடுத்துச்சு. "பேரை நீங்களே எழுதிருங்க"ங்கிறது எங்க போயி முடியும்னு அதைப் படிச்சப்பதான் உறைச்சுது.

விதி என்னன்னா, ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 2017ல குழந்தைங்க ஆராய்ச்சிக்குன்னே தனியா ஒரு வழிகாட்டி போட்டிருக்காங்க. 7 வயசுல இருந்து 12க்குள்ளன்னா பெத்தவங்க முன்னாடி பிள்ளைட்ட வாய்வழியாக் கேட்டு அதைப் பதிவு பண்ணணும், 12ல இருந்து 18 வரைக்கும் பிள்ளையே எழுத்துல குடுக்கணும். பெத்தவங்க சம்மதம் வேற, பிள்ளை இசைவு வேற, ரெண்டும் வேணும். பிள்ளை மாட்டேன்னா அதை மதிக்கணும். ரிஸ்க் ரொம்பக் கம்மி, இல்ல பிள்ளைக்கே நேரடியா நன்மை இருக்குன்னா அப்பா அம்மால ஒருத்தர் சம்மதம் போதும், அதைவிட ரிஸ்க்குன்னா ரெண்டு பேரும் போட வேண்டி வரும். நடுவுல பிள்ளைக்கு 18 ஆயிட்டா புதுசா அவங்ககிட்டயே வாங்கணும். படிக்கத் தெரியாதவங்கன்னா நடுநிலையான ஒரு சாட்சி ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கூடவே உக்காந்து கேட்டிருக்கணும், வழில போறவங்களைக் கூப்பிட்டுப் போடச் சொல்றது சாட்சி இல்ல. தகவல் தாளும் கையெழுத்து போட்டதும் ஒரு காப்பி நமக்குக் குடுக்கணும். எனக்குக் குடுக்கலை.

எங்க பக்கத்துல மனநோய்னாலே 2001 ஏர்வாடி ஞாபகம்தான் வரும், சங்கிலில கட்டிப் போட்டிருந்த 28 பேர் தீயில செத்தது. அவங்ககிட்ட யாரும் எதையும் கேக்கலை. 2017 மனநலச் சட்டத்துல 99வது பிரிவு ஆராய்ச்சிக்குன்னே இருக்கு. நோயாளி தானா சம்மதம் குடுக்க முடியாத நிலைமைல இருந்தா மாநில ஆணையத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், அதுக்கப்புறம்தான் அவங்களுக்காகப் பேசுறவங்க சம்மதம் குடுக்கலாம். குடுத்த சம்மதத்தை எப்ப வேணா திரும்ப வாங்கலாம். பத்திரத்தை ரத்து பண்ண நாங்க எம்புட்டு அலையுறோம், இதுக்கு ஒரு லெட்டர் போதும்.

லெட்டர் எழுதினேன், ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். நல்லவேளை எச்சில் சாம்பிள் ரெண்டாவது விசிட்லதான் எடுக்கிறதா இருந்துச்சு.

இப்ப ரெண்டாவது இடம். ஆத்துக்கு அங்கிட்டு, சின்னதா மாடி வீடு மாதிரி இருக்கும். மொத விசிட் 500, அப்புறம் 300. டாக்டர் முக்கா மணி நேரம் பேசினாங்க, அதுல பாதி நேரம் பொண்ணுட்ட மட்டும். மருந்து செர்ட்ரலின், கூடவே பயத்தை எதிர்கொண்டு கழுவாம இருக்கப் பழக்குற தெரபி. இந்த மருந்து பிள்ளைங்களுக்கு ஆகுமான்னு கேட்டேன். 2004ல அமெரிக்கால 112 பிள்ளைங்க, 7ல இருந்து 17 வயசு, இதே ஓசிடிக்கு ஒரு ஆராய்ச்சில சேந்தாங்க, சில பேருக்கு மருந்து, சில பேருக்குத் தெரபி, சில பேருக்கு ரெண்டும், சில பேருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை, ரெண்டும் சேத்துக் குடுத்ததுதான் நல்லா கேட்டுச்சுன்னு சொன்னாங்க. அப்ப நெனச்சேன், எங்கயோ யாரோ பெத்த 112 பிள்ளைங்க சரின்னு சொன்னதாலதான் என் பிள்ளைக்கு இன்னைக்கு என்ன குடுக்கணும்னு தெரியுது. நான் ஆராய்ச்சிக்கு எதிரி கிடையாது, அதைத் தப்பா எடுத்துக்காதீங்க.

மூணாவது விசிட்ல டாக்டரே சொன்னாங்க, இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது, சேரலாம், சேராமலும் இருக்கலாம், அதைப் பத்திப் பேசுறது நான் இல்ல, வேற ஒருத்தங்க, நீங்க என்ன முடிவு பண்ணாலும் இங்க வைத்தியம் இதேதான். சொல்லிட்டு ரூமை விட்டு வெளிய போயிட்டாங்க. அது எனக்கு ரொம்பப் புடிச்சுது, டாக்டர் முகத்தைப் பாத்துக்கிட்டு மாட்டேன்னு சொல்றது நம்மாளுங்களுக்கு எம்புட்டு கஷ்டம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

வந்தவங்க சின்னப் பொண்ணு, இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும். எனக்கு ஒரு தாள், பொண்ணுக்குத் தனியா ஒரு தாள், ரெண்டும் தமிழ். பொண்ணோட தாள் ரெண்டே பக்கம், பெரிய எழுத்து. ஆராய்ச்சி இதுதான்: தெரபியை முழுக்க நேர்ல வந்து பண்றது, இல்லாட்டி பாதியை வீடியோ கால்ல பண்றது, ரெண்டும் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குறாங்க. யாரு எதுலன்னு கம்ப்யூட்டர் பிரிக்கும். எல்லாம் சொல்லி முடிச்சிட்டு "இப்ப உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு நீங்க எனக்குச் சொல்லுங்கக்கா"ன்னாங்க.

நான் சொன்னேன், "எம்பொண்ணுக்கு எது ஒத்து வரும்னு டாக்டர் பாத்து அதுல போடுவாங்க."

அவங்க ஒண்ணும் சொல்லலை, பொண்ணு பக்கம் திரும்பி நீ சொல்லுடான்னாங்க. இவ, "இல்லம்மா, டாக்டர் போட மாட்டாங்க. ஸ்கூல்ல ஹவுஸ் பிரிக்கிறப்ப மிஸ் சீட்டு எடுப்பாங்கல்ல, ரெட்டா ப்ளூவான்னு, அந்த மாதிரி. எனக்கு எது நல்லதுன்னு பாத்துப் போட மாட்டாங்க. எது நல்லதுன்னு அவங்களுக்கே இன்னும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் இது"ன்னா.

தினமும் பேப்பர் படிக்கிற எனக்குப் புரியாதது ஏழாவது படிக்கிற பிள்ளைக்குப் புரிஞ்சிருக்கு. நான் பண்ணின தப்புக்கு "தெரப்யூட்டிக் மிஸ்கன்செப்ஷன்"னு பேரே இருக்கு, ஆப்பல்பாம்னு ஒரு மனநல டாக்டரும் அவரோட ஆளுங்களும் 1982லயே இதை எழுதிருக்காங்க. ஆராய்ச்சியை வைத்தியம்னே நெனச்சுக்கிறது, எல்லாம் நமக்குன்னு பாத்துப் பாத்து செய்றாங்கன்னு நம்பிக்கிறது. அதே ஆப்பல்பாமும் கிரிஸோன்னு ஒருத்தரும் சேந்து, ஒரு ஆளுக்குச் சம்மதம் குடுக்குற தெம்பு இருக்கான்னு பாக்க ஒரு கேள்வி முறையும் பண்ணிருக்காங்க. புரிஞ்சுதா, அது தனக்கு என்னன்னு உணர முடியுதா, யோசிச்சு எடை போட முடியுதா, முடிவைச் சொல்ல முடியுதா, இந்த நாலும். நெதர்லாந்துல 6ல இருந்து 18 வயசு வரைக்கும் 161 பிள்ளைங்கட்ட அதை வெச்சுப் பாத்திருக்காங்க, 2014ல வந்துச்சு. ஒன்பதரை வயசு வரைக்கும் பெரும்பாலும் அந்தத் தெம்பு பத்தாது, 11 வயசு தாண்டுனா பெரும்பாலும் இருக்குன்னு முடிவு. அதை அப்படியே நம்ம பிள்ளைங்களுக்குப் பொருத்த முடியாது, வியாதி அன்னைக்கு எப்படி இருக்குங்கிறதும் இருக்குல்ல. ஆனா "அது சின்னப் பிள்ளை, அதுக்கென்ன தெரியும்"னு இனிமே என்னால சொல்ல முடியாது.

வியாதி எப்படி இருக்குன்னு சொன்னேன்ல, அதுதான் அடுத்து நடந்தது. பொண்ணு "சரி, நான் சேர்றேன்"ன்னா. நான் பேனாவை எடுத்துட்டேன். அந்த ஆராய்ச்சிப் பொண்ணு பேனாவை வாங்கிக் கீழ வெச்சிட்டு மெதுவாக் கேட்டாங்க: "சரின்னு சொல்லலைன்னா ஏதாச்சும் கெட்டது நடந்துரும்னு உனக்குத் தோணுதா?"

இவ தரையைப் பாத்தா. ரொம்ப நேரம். கட்டை விரலால மத்த விரல் நுனியை ஒவ்வொண்ணா தொட்டுக்கிட்டே இருந்தா, அப்படித்தான் எண்ணுவா. அப்புறம், "அம்மா வண்டில போறப்ப லாரி அடிச்சிரும்"ன்னா.

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. எட்டு தடவை குழாயைத் திறந்து மூடுறதும் எனக்காகத்தான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. புரிஞ்சுக்கிற புத்தியெல்லாம் என்னைவிட அவளுக்கு இருக்கு, ஆனா அந்த "சரி"யைச் சொன்னது அவ இல்ல, வியாதி. அதைக் கேக்கத் தெரியாத ஆளா இருந்தா அந்தச் சரியை அப்படியே வாங்கி ஃபைல்ல வெச்சிருப்பாங்க, நானும் சாட்சியா பக்கத்துலயே உக்காந்திருப்பேன்.

அவங்க பேப்பரை மூடிட்டாங்க. "இன்னைக்கு ஒண்ணும் முடிவு பண்ண வேணாம்டா, தெரபில இதைப் பத்தி டாக்டர்ட்ட பேசு, எப்ப தோணுதோ அப்ப சொல்லு"ன்னாங்க. எங்க வீட்டுக்காரரு லோடு வேன் ஓட்டுறாரு, வாரத்துல நாலு நாள் வெளியூர், அவர்ட்டயும் பேசிட்டு வாங்கன்னாங்க, ஒருத்தர் கையெழுத்தே போதும்னாலும். கெளம்புறப்ப பொண்ணு திரும்பி நின்னு, நான் இங்க சொல்றதெல்லாம் அம்மாட்ட சொல்லுவீங்களான்னு கேட்டா. உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ உன்னை யாராச்சும் துன்புறுத்துனாலோ மட்டும் சொல்லுவேன், அதுவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான்னாங்க. என் முன்னாடியே சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா சரின்னும் பட்டுச்சு.

அஞ்சு வாரம் கழிச்சு அவளே சொன்னா, வேணாம்னு. ஏன்டான்னு அவங்க கேக்கக்கூட இல்ல, இவளாத்தான் சொன்னா: "தினமும் எத்தனை தடவை கழுவுனேன்னு நோட்டுல எழுதணும்னு இருக்கு. எழுதுனா எனக்கு இன்னும் எண்ணத் தோணும்." அவங்க தாள்ல "வேணாம்"னு இருந்த கட்டத்துல அவளையே டிக் அடிக்கச் சொல்லி, கீழ பேர் எழுத வெச்சு, காப்பி எடுத்து அவ கையிலயே குடுத்தாங்க. நோட்டுல எண்ண வைக்கிறது சில பிள்ளைங்களுக்கு ஒத்துக்காதுங்கிறதை எங்க டீம்ல சொல்றேன், சொன்னதுக்குத் தேங்க்ஸ்டான்னாங்க. அந்த வாரத்துத் தெரபி அதே நேரத்துக்கு, அதே டாக்டர்ட்ட நடந்துச்சு.

சரி, மத்ததும் சொல்லிடுறேன். ரெண்டாவது இடத்துக்கு அஞ்சுக்கு நாலரை. அரை கொறைச்சது எதுக்குன்னா மாடிப்படி செங்குத்து, வயசானவங்க ஏற முடியாது, அந்த உசிலம்பட்டி அப்பத்தா வந்தா என்ன பண்ணுவாங்க. வண்டி நிறுத்த இடம் கம்மி. சனிக்கிழமை போகாதீங்க, செவ்வாய் புதன் காலைல கூட்டம் இருக்காது. பாத்ரூம்ல கண்ணாடி கிடையாது, குழாய் தானா நிக்கிற குழாய், திறந்து மூட முடியாது. யோசிச்சுத்தான் வெச்சிருப்பாங்கன்னு நெனைக்கிறேன். மாத்திரை வெளில வாங்கிக்கலாம், அங்கயே வாங்கணும்னு கட்டாயம் இல்ல.

நீங்க எந்த இடத்துக்குப் போனாலும் ஆராய்ச்சின்னு ஒரு தாள் வந்தா தமிழ்ல கேளுங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லுங்க, தாள்ல எதிக்ஸ் கமிட்டி (ஆராய்ச்சி நியாயமா இருக்கான்னு பாத்து அனுமதி குடுக்குற குழு) நம்பர் இருக்கான்னு பாருங்க, மருந்து ஆராய்ச்சியா இருந்தா சிடிஆர்ஐ, அதாவது இந்த மாதிரி ஆராய்ச்சிகளைப் பதிவு பண்ற இந்தியப் பதிவேட்டு நம்பர் கேளுங்க, 2009ல இருந்து அதுல பதிவு பண்ணித்தான் ஆரம்பிக்கணும். பிள்ளை கையெழுத்தை நீங்க போடாதீங்க.

பொண்ணு இப்ப குழாயை ரெண்டு தடவையோட விட்டுடுறா, சில நாள் மூணு. கை ஆறிருச்சு, போன ஞாயித்துக்கிழமை ரசம் சாதத்தைக் கையாலயே பிசைஞ்சு சாப்பிட்டா.

மொத இடத்துக்கு அனுப்பின லெட்டருக்கு அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டு வந்துருச்சு, பதில் இன்னும் வரலை. அடுத்த வியாழக்கிழமை லீவு போட்டுட்டு நேர்ல போறேன், அவளும் வர்றேன்னு சொல்லிருக்கா.